கேமராவுக்குப் பின்னால் நின்றவர்

என்னிடம் ஒரு ஜோக் இருந்தது. ராயபுரம் ஸ்டேஷன் எதிர் டீக்கடையில் ஆரம்பித்து கோடம்பாக்கம் வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். நெட்டுக்குப்பத்தில் ஒரு ஷூட்டிங். கேமராவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஊர்க்காரர் ஒருவரை நிற்க வைத்தேன். ஷூட்டிங் முடிந்தது. கேமராவை மடக்கி வண்டியில் ஏற்றியாயிற்று, வண்டியும் கிளம்பிவிட்டது. திரும்பிப் பார்த்தால் மனிதர் அங்கேயே நிற்கிறார். "கேமரா பூட்ச்சி மாமு, செக்யூரிட்டி மட்டும் கீறாரு." இந்த இடத்தில் நான் எழுந்து விறைப்பாக நின்று காட்டுவேன். என் தொப்பையோடு விறைப்பாக நிற்பதே தனியாக ஒரு ஜோக். இரண்டும் சேர்ந்து நன்றாக வேலை செய்யும்.

இப்போது அதைச் சொல்வதில்லை.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எம்.கே.பி. நகரிலிருந்து அனிமேஷன் படிக்கப் போன முதல் ஆள் நான்தான் என்று என் அம்மா ஹவுசிங் போர்டு பிளாக் பிளாக்காகப் போய்ச் சொல்லி வைத்திருந்தாள். பொம்மைப் படம் எடுப்பான், பேர் வாங்குவான் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும்தான். கடைசியில் கிடைத்த வேலை அழிப்பது. ஹீரோ பறக்கும்போது இடுப்பில் தெரியும் கம்பியை அழிப்பேன். சீரியல் நடிகையின் முகப்பருவை அழிப்பேன். சாமி சீனில் சுவரில் தெரிந்த ஜட்டி விளம்பரம், ஓரத்தில் எட்டிப் பார்த்த லைட்மேன், எல்லாவற்றையும் ஃபிரேம் ஃபிரேமாகத் துடைப்பேன். இருபத்தைந்து வருஷமாக இதுதான். "வூட்ல டீ சிந்துனா தொடைக்கத் துப்பில்ல, ஊரான் படத்துல போயி தொடைச்சிகினு கீறாரு" என்பாள் என் மனைவி. விருந்தாளிகள் முன்னால்தான் சொல்வாள்.

அப்படிப்பட்ட என்னை ஒரு நாள் ஒரு டைரக்டர் தேடி வந்தார். சின்ன வயசுப் பெண், தென் சென்னை, எல்லோரையும் சார் என்று கூப்பிடுகிற நல்ல பிள்ளை. எண்ணூர் ஆற்றைப் பற்றி வி.ஆர். படம் எடுக்கப் போகிறேன் என்றார். வி.ஆர். என்றால், தலையில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கண்ணை மறைத்து மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டினால் அந்த இடத்திலேயே நிற்பது மாதிரி இருக்கும். மேலே பார்த்தால் வானம், கீழே பார்த்தால் மணல், திரும்பிப் பார்த்தால் முதுகுப் பக்கம் இருப்பதும் தெரியும். படத்தில் பாதி நிஜம்: இன்றைய ஆறு, சாம்பல் படிந்த தண்ணீர், தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். மீதிப் பாதி அனிமேஷன்: அந்த ஆறு முன்பு இருந்த மாதிரி, அலையாத்தி மரம், நண்டு, இறால். அதை நான் வரைய வேண்டும். கேட்டதும் எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. அம்மா பிளாக் பிளாக்காகச் சொன்னது இத்தனை வருஷம் கழித்துப் பலிக்கிறது. அதோடு, எடுக்கிற நிஜப் படத்தில் வேண்டாததை அழிப்பதும் நீங்கள்தான் சார் என்றார். அதானே பார்த்தேன்.

தை மாதம், நெட்டுக்குப்பத்து ஆற்றங்கரை, காலை வெளிச்சம். அந்தக் கேமராவை அன்றைக்குத்தான் முதல் தடவை நேரில் பார்க்கிறேன். தேங்காய் அளவுக்கு ஒரு உருண்டை, சுற்றிலும் கண்கள், ஒற்றைக் கால் ஸ்டாண்டு. நாலு பக்கமும் ஒரே நேரத்தில் பிடிக்கும். அதனால் ஓடவிட்டதும் யூனிட் மொத்தமும் ஓடி ஒளிய வேண்டும். டைரக்டர் கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பின்னால். சவுண்டு பார்க்கிற நண்பர், கேமராவுக்குக் கீழே நாலு பக்கமும் கேட்கிற மைக்கை வைத்துவிட்டு, ஐஸ் பெட்டிக்குப் பின்னால். நான் ஒளிய வேண்டுமென்றால் அதற்கேற்ற சைஸில் படகு வேண்டும். ஊர்க்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இவர்கள் படம் எடுக்க வந்தார்களா, கண்ணாமூச்சி ஆட வந்தார்களா என்று ஒரு கிழவர் கேட்டார்.

தொல்லை என்னவென்றால் காக்கை. கேமராவைத் தனியாக விட்டதும் ஒரு காக்கை வந்து அதன் கண்ணைக் கொத்தப் பார்த்தது. அதற்கு முன்பு ஒரு நாய் வந்து ஸ்டாண்டு காலை மோந்து பார்த்து, முடிவெடுக்கும் கட்டத்தில் இருந்தது. அப்போது ஆற்றிலிருந்து ஒருவர் ஏறி வந்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையாலேயே தடவி இறால் பிடிக்கிறவர். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். இறால் போடும் பறியைக் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் கேட்டேன். "அண்ணாத்த, அஞ்சு பத்து நிமிசம், காக்கா நாயி வராம பாத்துக்கோ. கேமராக்குப் பின்னால நின்னுக்கோ. நான் வந்து போதும்னு சொல்றேன், அப்பால போ."

"செரி நைனா" என்றார்.

கேமராவுக்குப் பின்னால். இருபத்தைந்து வருஷம் சினிமாவில் இருந்தவனுக்கு உலகத்திலேயே பத்திரமான இடம் அதுதான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாலு பக்கமும் பார்க்கிற கேமராவுக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது என்பது நான் ஓடிப்போய் ஒரு படகுக்குப் பின்னால் குந்திய பிறகுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஏழு நிமிஷம் ஓடியது. பிறகு கேமரா உதவியாளர் போய் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்து முகத்துவாரத்தில் எடுக்க வேண்டும், வெளிச்சம் போய்விடும் என்று அவசரம். கிளம்பினோம். வண்டியிலிருந்து திரும்பிப் பார்த்தபோதுதான் அந்த ஜோக் பிறந்தது.

ஆபீசில் படத்தைப் போட்டுப் பார்த்தோம். அழகான காலை, ஆறு, படகு, அதில் கேமராவுக்கு நேர் எதிரே ஒருவர் ஏழு நிமிஷமும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஈர வேட்டி மடித்துக் கட்டியிருக்கிறார். நடுவில் கையை வீசிக் காக்கை ஓட்டுகிறார். டைரக்டர் யார் சார் இது என்றார். யாரோ குறுக்கே வந்திருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். நான்தான் நிற்கச் சொன்னேன் என்று சொல்ல வெட்கம். வி.ஆர். தெரிந்தவன் மாதிரி தலையாட்டித்தானே அந்த வேலைக்கு வந்திருந்தேன்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவர் இருந்தா இருக்கட்டுமே சார், நல்லாத்தானே இருக்காரு" என்றது.

"சே சே, ஷாட்ட கெடுத்துகினு கீறான். ஒரே வாரம், ஆள் இருந்த அடையாளமே இல்லாம தூக்கிடறேன்" என்றேன்.

பதினோரு நாள் ஆனது. முதலில் அவர் உருவத்தைச் சுற்றி ஒவ்வொரு ஃபிரேமிலும் கோடு போட்டு வெட்ட வேண்டும். வெட்டின இடம் வெள்ளையாகத் தெரியும். பிறகு அந்த வெள்ளைக்குள் பக்கத்து மணலையும் தண்ணீரையும் எடுத்து ஒட்ட வேண்டும். நிழலையும் துடைத்தேன். சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் இந்த வேலையைச் செய்வோம், காதில் என் பழைய பாட்டு ஓடும். முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. மணல் மணலாக இருந்தது. படம் முழுசாக முடிந்ததும் ஹார்டு டிஸ்க்கில் இடமில்லை என்று அசல் பதிவையும் அழித்தோம். அழித்தது யார் என்று கேட்காதீர்கள், வேறு யாருக்கு அந்த வேலை தெரியும்? கேமரா கார்டில் அதற்குள் ஏதோ கல்யாண வீடியோ ஏறிவிட்டிருந்தது.

புரட்டாசியில் ஊருக்குப் படம் காட்டப் போனோம். எடுத்த ஊர்க்காரர்களுக்குக் காட்டிவிட்டுத்தான் வெளியே அனுப்புவேன் என்று டைரக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். வலை பின்னுகிற கூடத்தில் ஏற்பாடு. சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பதால் சுழல் நாற்காலி வேண்டும். சலூன்காரரைக் கெஞ்சி அவருடைய நாற்காலியைத் தூக்கி வந்தோம். வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் படத்தில் இருந்த படகில் கை வைக்கப் போய் நாற்காலியோடு சரிந்தார். கண்ணாமூச்சிக் கிழவர் பெட்டியைக் கழற்றிவிட்டு, தினமும் நான் பாக்குற ஆத்த எனக்கே காட்றியா என்றார். என் அனிமேஷனை மட்டும் யாரும் மன்னிக்கவில்லை. நான் வரைந்த இறாலுக்குக் காலின் எண்ணிக்கை தப்பு. சின்னப் பிள்ளைகள் உட்பட அத்தனை பேரும் கண்டுபிடித்தார்கள். அன்று முழுவதும் என் பெயர் எறா.

அப்போது ஒரு அக்கா வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயசு, நெற்றியில் பொட்டில்லை. கூட வந்த பக்கத்து வீட்டு அம்மா, ஆடியில வூட்டுக்காரர் போயிட்டாரு, மனசு மாறட்டும்னு இட்டாந்தேன் என்றார். நான்தான் பெட்டியை மாட்டிவிட்டேன். இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிப் பாருங்க அக்கா என்றேன். அசையவில்லை.

திடீரென்று நாற்காலி திரும்பியது. முழுசாக, எதிர்ப்பக்கத்துக்கு. அவர் முன்னால் குனிந்தார். தலையைச் சாய்த்தார். பிறகு கையை நீட்டி எதையோ விலக்குவது மாதிரி காற்றில் அசைத்தார்.

"எங்காளு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சத்தம் கீது. ஆள் இல்ல."

பெட்டிக்குள் ஓடுவதை வெளியே காட்டும் சின்ன மானிட்டரில் நான் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது நான் பதினோரு நாள் வேலை பார்த்த அதே மணல். அந்த மணலிலிருந்து ஒரு இருமல் வந்தது. பிறகு இன்னொன்று. மூன்றாவது பாதியில் விழுங்கப்பட்டது. நான் படத்தில்தான் ஆளை அழித்தேன். சத்தம் வேறு ஆள் டிபார்ட்மெண்ட். நாலு பக்கமும் கேட்கிற மைக் அவர் எங்கே நின்றாரோ அங்கிருந்தே அவரை இரும வைத்துக்கொண்டிருந்தது.

பெட்டியைக் கழற்றிவிட்டு அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். சத்தம் இருக்கும்போது ஆளும் எங்கேயாவது இருக்குமா என்று. வீட்டுக்காரர் முகம் தெரிகிற மாதிரி வீட்டில் ஒரு படமும் இல்லையாம். போனைத் தூக்கினாலே கையால் மறைத்துக்கொண்டு திரும்பிவிடுவாராம். கல்யாண போட்டோவிலும் குனிந்திருக்கிறாராம். ஆதார் கார்டில் இருப்பதைப் பெரிசாக்கி மாலை போட்டிருக்கிறார்கள், அது யாரோ மாதிரி இருக்கிறதாம். ஆதாரில் நாம் எல்லோரும் யாரோ மாதிரிதான் அக்கா என்று எப்போதும்போல் ஒரு ஜோக் வாய் வரைக்கும் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக விழுங்கினேன்.

கேமராவைக் கண்டாலே திரும்பிக்கொள்கிற மனிதர் ஏழு நிமிஷம் கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார், அதன் பின்னால் நிற்பதாக நான் நம்பவைத்ததால். அந்த ஏழு நிமிஷத்தைத்தான் நான் துடைத்து வைத்திருந்தேன்.

அவரிடம் நான் சொன்னது: "சவுண்டுல எதுனா கலந்திருக்கும் அக்கா. யாரோ இருமிகினு கீறாங்க."

அவர் என்னைப் பார்த்தார். "மூணாவத முழுங்குறது அவரு மட்டும்தான்" என்றார். எழுந்து போனார். அடுத்த ஆள் வந்து உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் எனக்கு நடந்ததை வெளியே சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆபீசில் வழக்கம்போல் வேலை, சோப்பு விளம்பரத்தில் ஒரு குழந்தையின் மூக்குச்சளியை அழித்துக்கொண்டிருப்பேன், முதுகுக்குப் பின்னால் இருமல் கேட்கும். ஒன்று, இரண்டு, பாதி. திரும்பினால் தண்ணீர் கேன். ராயபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, மீன் வாங்கும்போது, எப்போதும் பின்னால்தான். கேமராவுக்குப் பின்பக்கம் இல்லை, மனுஷனுக்கு இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மனைவியிடம் சொன்னேன். காதில் அழுக்கு சேர்ந்திருக்கும் என்று எண்ணெய் காய்ச்சி விட்டாள். எண்ணெய்க்குள்ளிருந்தும் கேட்டது.

டைரக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் நில் என்று சொன்னது நான், குறுக்கே வந்தான் என்று சொன்னது பொய். அந்தப் பெண் உடனே தன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தது. பிறகு, தன்னிடமும் முடிந்த படம்தான் இருக்கிறது, அசல் இல்லை என்றது. நான் அப்பவே இருக்கட்டும்னு சொன்னேன்ல சார் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் என் கம்ப்யூட்டரைக் கிளறினேன். அசல் இல்லை. ஆனால் வெட்டின கோடுகள் இருந்தன. சின்ன ஃபைல், இடம் அடைக்காது என்று அழிக்காமல் விட்டிருந்தேன். அதாவது ஆள் இல்லை, ஆளை வெட்டின ஓட்டை இருந்தது. ஏழு நிமிஷமும், ஃபிரேம் ஃபிரேமாக, அவர் அசைந்த மாதிரியே அசைகிற ஒரு வெள்ளை உருவம். அதை எடுத்து மணல் மேலே அவர் நின்ற இடத்தில் திரும்ப வைத்தேன். சத்தத்தையும் சேர்த்து ஓடவிட்டேன். வெள்ளை ஆள் இருமினார். நான் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

நெட்டுக்குப்பத்துக்குத் தனியாகப் போனேன். அந்த அக்கா வீட்டில் இருந்தார், பக்கத்து வீட்டு அம்மாவும் வாசலிலேயே இருந்தார். நின்றபடியே நடந்ததைச் சொன்னேன்: அன்றைக்கு அவர் படத்தில் இருந்தார், நேராகப் பார்த்துக்கொண்டு இருந்தார், அழித்தது நான், மறுபடி முகம் கிடைக்காது. சுவரில் ஆதார் முகம் மாலைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தது. உண்மையிலேயே யாரோ மாதிரிதான் இருந்தது. வேண்டுமானால் நினைவிலிருந்து வரைந்து கொடுக்கிறேன் அக்கா, நீங்கள் சொல்லச் சொல்லத் திருத்துகிறேன் என்றேன்.

"எறாவுக்கே காலு தப்பா போட்ட" என்றார். "எங்காளுக்கு இன்னாத்த போடுவியோ. வாணாம். கீறத காட்டு."

பெட்டியை மாட்டிவிட்டேன். சுழல் நாற்காலி இல்லை, நின்றுகொண்டே பார்த்தார். வெள்ளையாக, காகிதத்தில் வெட்டின ஓட்டை மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள் என்று சொல்லி வைத்தேன். இருமல் வந்ததும் அந்தப் பக்கம் திரும்பினார். அசையாமல் நின்றார். உருவம் வலது குதிகாலால் இடது கெண்டைக்காலைச் சொறிந்தது. அந்தக் கோட்டைப் போட எனக்கு அரை நாள் ஆகியிருந்தது, திட்டிக்கொண்டே போட்டது. அதைப் பார்த்ததும் அக்கா மூச்சை இழுத்துக்கொண்டார்.

"அவருதான்" என்றார்.

கையைத் தூக்கித் தோள் உயரத்தில் நிறுத்தினார். அங்கே ஒன்றும் இல்லை, ஒரு கொடியில் துண்டு தொங்கியது. கை அங்கேயே நின்றது. உயரம் சரியாக இருக்கிறது என்று சொன்னார். காக்கை ஓட்டுகிற இடம் வந்ததும் சிரித்தார். ஏழு நிமிஷம் முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். நடுவில் பக்கத்து வீட்டு அம்மா வாங்கி மாட்டிப் பார்த்து, பேயி மாறி கீதுடி என்று கழற்றிக் கொடுத்துவிட்டார். "பேயின்னா பேயி. எங்க வூட்டு பேயி" என்று அக்கா திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டார்.

மூன்றாவது தடவை பார்க்கும்போது கேட்டார். "இன்னாத்துக்கு நகராம நிக்கிறாரு?"

"நான்தான் நிக்கச் சொன்னேன் அக்கா. வந்து போதும்னு சொல்றேன், அப்பால போன்னு."

"போயி சொன்னியா?"

பெட்டி கண்ணை மூடியிருந்ததால் அவர் முகத்தில் பாதிதான் தெரிந்தது. வாய் மட்டும் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தது. ஆற்றில் ஒருத்தரை வலைக் கயிற்றைப் பிடித்து நிற்க வைத்தால், வைத்தவன் வந்துதான் விடச் சொல்ல வேண்டும். நடுவில் எவன் சொன்னாலும் விடக் கூடாது, விட்டால் வலையோடு உள்ளே இறங்கினவனை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும். வீட்டுக்காரருக்கு அது கரையிலும் அப்படித்தான். அன்றைக்கு மத்தியானம் சோற்றுக்கு வரவில்லை. சட்டியை மூடி வைத்துவிட்டு ஆள் அனுப்பினார்களாம், நிற்கச் சொன்னவன் இன்னும் வந்து சொல்லவில்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். வெயில் சாய்ந்த பிறகு அக்காவே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாராம்.

"கேமராவ தூக்கினு போயிட்டாங்களேய்யான்னேன். தூக்குனவன் வேற ஆளு, நிக்கச் சொன்னவன் குண்டா ஒருத்தன், அவன் வரட்டும்னாரு." பெட்டியை ஒரு கையால் சரிசெய்துகொண்டார். "உன்ன திட்டல. உனக்கு இன்னா வேல இருந்திச்சோன்னாரு."

டீக்கடையில் எத்தனை தடவை விறைத்து நின்று காட்டியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை.

"இப்போ போதும்னு சொல்லிடட்டுமா அக்கா" என்றேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு கிறுக்குத்தனமாகக் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தது. பக்கத்து வீட்டு அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அக்கா பார்க்கவில்லை. அவர் அந்தத் துண்டு தொங்குகிற பக்கமே பார்த்துக்கொண்டு யோசித்தார். பெட்டிக்குள்ளிருந்து மறுபடி இருமல் கேட்டது. ஒன்று, இரண்டு, பாதி.

"இன்னிக்கி வாணாம்" என்றார்.

மாசத்துக்கு ஒரு தடவை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறேன். எங்கே போகிறாய் என்று மனைவி கேட்பதில்லை. டிபன் டப்பாவில் எதையாவது போட்டு, அந்த அக்காவிடம் கொடு என்கிறாள். இருமல் எனக்கு இன்னும் கேட்கிறது, முன்னை மாதிரி திரும்பிப் பார்ப்பதில்லை. அக்கா மாட்டிக்கொள்கிறார், ஏழு நிமிஷம் பார்க்கிறார், சில நாள் அவரோடு ஏதாவது பேசுகிறார். குழம்பில் உப்பு, வீட்டு வரிக் காகிதம், மகள் போன் செய்தது. ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது நான் கேட்கிறேன்.

போன வாரமும் கேட்டேன், சொல்லிடட்டுமா அக்கா என்று. அவர் பெட்டியைக் கழற்றி, வேர்வை பட்ட ஓரத்தை முந்தானையால் துடைத்து, என் கையில் கொடுத்தார். ஆற்றுப் பக்கமிருந்து வந்த காற்றில் கதவு அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கி வாணாம்பா" என்றார். "காத்து நல்லா கீது. நிக்கட்டும்."